வளைவுக்கு 18 இலட்சம், தண்ணீர் மோட்டருக்கு ஒன்றுமில்லை: வசதியானவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள்?

படுவான்கரையான் (இழையைத் தொடங்கியவர்), திங்கள் இரவு 9.40

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலை. அதன் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஊரின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் தவிர்க்கிறேன். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை.

எங்களோடு படித்து, வெளிநாடு போய், நல்ல நிலைக்கு வந்த ஒருவர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும், என்ன தேவை என்று சொல்லுங்கள்" என்றார். அதிபரோடும் ஆசிரியர்களோடும் இருந்து பேசிப் பட்டியல் எழுதி அனுப்பினோம். முதலாவது தேவை, பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத் தண்ணீர். மோட்டர் எரிந்து எட்டு மாதமாகிறது. பிள்ளைகள் கிணற்றிலிருந்து வாளியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் அந்த நாட்களில் பாடசாலைக்கே வருவதில்லை. மோட்டர், தாங்கி, குழாய் எல்லாமாக ஒன்றரை இலட்சத்துக்குள் முடியும்.

பட்டியலை வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "இதையெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டும். நான் வாசலில் ஒரு வளைவு கட்டித் தருகிறேன், அப்பாவின் பெயரில்." அதற்கு 18 இலட்சம் ரூபாய். திறப்பு விழாவன்று 50 பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும் தருவாராம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம்.

அவர் கெட்டவர் அல்லர். பாடசாலைக் காலத்திலேயே தன் சோற்றுப் பார்சலில் பாதியைப் பிரித்துக் கொடுத்தவர். அதனால்தான் எனக்கு நித்திரை வரவில்லை. 18 இலட்சம் கொடுக்க மனம் வருகிறது, ஒன்றரை இலட்சம் கொடுக்க வரவில்லை. அந்த மனத்துக்குள் என்ன நடக்கிறது? அவரைத் திட்டுவதற்கு எனக்குத் துணை வேண்டாம். விளங்கிக்கொள்வதற்குத்தான் வேண்டும்.

பாடுமீன், திங்கள் இரவு 11.05

அண்ணன், பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். "இதையெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டும்" என்று அவர் சொன்ன இடத்தைத் திரும்ப வாசியுங்கள்.

ஜேம்ஸ் அன்ட்ரியோனி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். பசித்தவனுக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஒருவருடைய ஆசை என்றால், அந்தச் சோற்றை வேறு யார் போட்டாலும் அவருக்கு அதே நிறைவு வர வேண்டும். "நல்லது, என் பணம் மிச்சம்" என்று அவர் விலகிக்கொள்ளவும் வேண்டும். நடப்பில் மனிதர்கள் அப்படி விலகுவதில்லை. கொடுத்தது நான் என்பதில் ஒரு தனி இளஞ்சூடு இருக்கிறது. அந்தச் சூட்டுக்காகவும் மனிதர் கொடுக்கிறார் என்பதுதான் அவர் வாதம். ஈத்துவக்கும் இன்பம் என்று நம்மிடம் எத்தனையோ நூற்றாண்டாகப் பெயர் உண்டு.

இப்போது உங்கள் நண்பரைப் பாருங்கள். மோட்டர் என்றைக்காவது எப்படியாவது வந்துவிடும். வலயக் கல்வி அலுவலகம் தரலாம், வேறு ஒருவர் தரலாம். அதில் அவருடைய பங்கு தண்ணீரோடு கரைந்துபோகும். வளைவு அப்படியல்ல. அவர் கட்டாவிட்டால் அது அங்கே எழும்பவே போவதில்லை. தன்னால் மட்டுமே நடந்தது என்று சொல்லக்கூடிய ஒன்றை அவர் தேடுகிறார்.

அடுத்தது பெயர். வில்லியம் ஹார்பா என்ற பொருளியலாளர் 1990களில் ஒரு சட்டக் கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடைகளை ஆராய்ந்தார். கல்லூரி தொகையைப் படிகளாகப் பிரித்து, இந்தப் படியில் கொடுத்தவர்கள் இவர்கள் என்று பெயர்ப்பட்டியல் வெளியிடும். கொடைகளோ ஒவ்வொரு படியின் மிகக் குறைந்த தொகையிலேயே குவிந்திருந்தன. படிக்குள் நுழையப் போதுமானதைக் கொடுத்தார்கள். கோயில் கும்பாபிஷேக மலர்களில் இதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நெதர்லாந்தில் 30 தேவாலயங்களில் காணிக்கையை மூடிய பைக்குப் பதிலாகத் திறந்த கூடையில் வாங்கிப் பார்த்தார்கள். தேவாலயத்துக்கு வெளியேயுள்ள தேவைகளுக்கு விழுந்த காசு தொடக்கத்தில் 10 சதவீதமளவு கூடியது. பிறகு நாளாக ஆகக் கூடை பழகிவிட்டது, காசும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

வட்டைவிதானையின் பேரன், செவ்வாய் காலை 6.20

தம்பி பாடுமீன், நீங்கள் அமெரிக்காவுக்குப் போனீர்கள். நான் களத்துமேட்டுக்கு வருகிறேன்.

என் தாய்வழிப் பாட்டனார் ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரின், வயலில் முல்லைக்காரனாக (வயல் வேலையாளாக) இருந்தவர். மாரியில் நெல்லுக்குத் தட்டுப்பாடு வந்தால் போடியார் கடனாக நெல் தருவார், அறுவடையில் வட்டியோடு அளந்து எடுப்பார். அதே போடியார் சூடு மிதித்து, நெல்லைப் பிரித்து முடிந்த நாளில், களத்துக்கு வந்த வண்ணான், நாவிதன், ஆண்டி, விதவை எல்லோருக்கும் கை நிறைய அள்ளிப் போடுவார். கடன் கொடுத்தது வீட்டு அறைக்குள், தானம் கொடுத்தது ஊர் பார்க்கும் களத்தில். வட்டியை அம்மப்பா கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் ஊர் இன்றைக்கும் பேசுவது களத்தில் அள்ளிப் போட்ட கையைப் பற்றித்தான்.

எங்கள் பக்கக் கோயில்களில் திருவிழா குடி குடியாக, தாய்வழி வம்சங்களுக்கென்று பிரிந்திருக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இந்த நாள் இந்தக் குடிக்கு என்றால் அதை எவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். காணியை ஈடு வைத்துத் திருவிழா செய்த மனிதர்களை எனக்குத் தெரியும். அது வெறும் ஆடம்பரம் என்று இளம் வயதில் நான் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. செலவு செய்கிறவன் அன்றைக்கு ஊருக்குள் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று காட்டுகிறான். முன்னோர் நின்ற இடத்தில் நிற்கிறான்.

முப்பது வருடமாக ஊரில் இல்லாத ஒருவருக்கு அந்த இடம் எங்கே? கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பட்டியலில் அவர் இல்லை, மரண உதவிச் சங்கத்தில் இல்லை, வாக்காளர் இடாப்பில் இல்லை. அந்த வளைவு அவருடைய திருவிழா நாள். மலசலகூடத்து மோட்டரால் அந்த இடத்தைக் கொடுக்க முடியாது. நண்பரிடம் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

மருதமுனை நெசவு, செவ்வாய் மாலை 4.15

நல்ல இழை. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஸகாத் எங்களுக்குக் கடமை. ஒரு வருடம் கையில் நின்ற செல்வத்தில் இரண்டரை சதவீதம். செல்வந்தர்களின் பொருளில் கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் உரிமை உண்டு என்று குர்ஆன் சொல்கிறது. அப்படியென்றால் கொடுக்கிறவர் தன்னுடையதைக் கொடுக்கவில்லை, மற்றவருடையதைத் திருப்பிக் கொடுக்கிறார். எங்கள் வாப்பா நோன்பில் ஸகாத் கணக்கு முடிக்கிற நாளில் "பாரம் இறங்கிவிட்டது" என்பார். பெருமையாக ஒருநாளும் பேசவில்லை. கடன் அடைத்தவர் பேசுவதுபோலப் பேசுவார்.

கடமை என்றால் மகிழ்ச்சி வருமா என்று கேட்பார்கள். 2007இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, ஆளுக்கு 100 டொலர் கொடுத்து, அதிலிருந்து ஓர் உணவு வங்கிக்குப் பணம் போகச் செய்தார்கள். சில தடவை அவர்களே விரும்பிக் கொடுத்தார்கள், சில தடவை வரிபோலக் கேட்காமலே எடுக்கப்பட்டது. கேட்காமல் எடுத்தபோதும் மூளையில் இன்பத்துக்குரிய பகுதி விழித்தது. விரும்பிக் கொடுத்தபோது இன்னும் கூடுதலாக விழித்தது. வாப்பாவின் "பாரம் இறங்கிவிட்டது" எனக்கு அன்றுதான் சரியாக விளங்கியது.

ஆனால் ஒளிக்காமல் பேச வேண்டும். நோன்பின் கடைசிப் பத்தில் சில கடைகளின் வாசலில் வெயிலில் பெண்கள் வரிசையாக நிற்பதையும் பார்க்கிறேன். வங்கி வழியாகவோ பள்ளிவாசல் வழியாகவோ வீட்டுக்கு அனுப்பக்கூடிய தொகைதான். வரிசை யாருக்குத் தேவை? வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் சிறந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இரண்டாவது பாதியை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

படுவான்கரையான், செவ்வாய் இரவு 8.30

காக்கா, "பாரம் இறங்கிவிட்டது" என்ற சொல்லைக் குறித்துவைத்துக்கொண்டேன். வட்டைவிதானை ஐயா, வளைவை அவருடைய திருவிழா நாள் என்று நீங்கள் சொன்ன பிறகு அவர்மேல் இருந்த மனக்கசப்பு குறைந்துவிட்டது. ஆனால் வரிசையும் படமும் இன்னும் நெருடுகின்றன.

நாவலடிக் காற்று, செவ்வாய் இரவு 11.50

இங்கே வாசிப்பதோடு நின்றுவிடுவேன், எழுதுவதில்லை. வரிசை என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 11 வயது. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. தம்பியைக் கடல் கொண்டுபோனது. நானும் அம்மாவும் நகரத்துப் பாடசாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டோம். அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை இல்லை. பை, பாய், வாளி, பால்மா, பென்சில் பெட்டி. எல்லாவற்றிலும் பெயர் அச்சடித்திருந்தது. வாங்கும்போது ஒரு கை பையில் இருக்க வேண்டும், முகம் கமராவைப் பார்க்க வேண்டும். ஒருமுறை படம் சரியாக விழவில்லை என்று பையைத் திரும்ப வாங்கி, மறுபடியும் தந்தார்கள்.

நான் சிரிக்கப் பழகினேன். தம்பி போய் மூன்று வாரம்தான். சிரிக்கிற பிள்ளைக்கு இன்னொரு பிஸ்கட் பெட்டி கிடைக்கும் என்று முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. கொடுப்பவருக்கு எங்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டியிருந்தது. அது அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய கூலி என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பெரியவளான பிறகு நான் யாரையும் வெறுக்கவில்லை. அந்தப் பால்மாவைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் எங்கோ ஓர் அலுவலகச் சுவரில் அந்தச் சிரிப்பு தொங்குகிறது. அதை நான் விற்றேன்.

ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும். நகரத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர். பின்னேரத்தில் தன் மனைவியை அனுப்புவார். அந்த அம்மா எங்களோடு பாயில் உட்கார்ந்து அம்மாவிடம், "பிள்ளைக்கு என்ன அளவு?" என்று மெதுவாகக் கேட்பார். அடுத்த நாள் உள்ளாடைகள், துணிகள் எல்லாம் பழைய பத்திரிகையில் சுற்றி வந்தன. யாருக்கும் என்ன வந்தது என்று தெரியாது. 20 வருடம் கடந்தும் அந்தப் பத்திரிகைத் தாளின் மணம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களும் வசதியானவர்கள்தான். அவர்களுக்கும் ஏதோ ஒரு நிறைவு கிடைத்திருக்கும். ஆனால் அதற்காக என் முகத்தை அவர்கள் கேட்கவில்லை.

அண்ணன், அந்த 50 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள்.

பாடுமீன், புதன் காலை 7.10

தங்கச்சி, உங்கள் பதிவுக்குப் பிறகு ஆய்வு பேசக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அந்தப் படங்கள் ஏன் எடுக்கப்படுகின்றன என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், 5 டொலர் உழைத்த ஆட்களிடம் ஆபிரிக்கப் பஞ்சத்துக்கு உதவி கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படமும் கதையும் காட்டப்பட்டவர்கள் சராசரியாக 2 டொலர் 38 சதம் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பட்டினி என்று புள்ளிவிவரம் மட்டும் காட்டப்பட்டவர்கள் 1 டொலர் 14 சதம். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது 1 டொலர் 43 சதம்தான் வந்தது. ஒரு முகம் இருந்தால் கை நீளும், கணக்கு வந்தவுடன் கை சுருங்கும். நிதி திரட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று நேற்றிரவு நீங்கள் எழுதியதை அந்த ஆய்வு எழுதவில்லை.

பனிதேசத்தவன், புதன் இரவு 10.25

நான் படுவான்கரையான் சொல்கிற அந்த நண்பர் அல்லன். ஆனால் அவர் நானாகவும் இருக்கலாம். 1987இல் ஊரை விட்டேன். கோப்பை கழுவித் தொடங்கி இன்றைக்கு மூன்று கடைகள். ஊருக்கு நானும் ஒரு வளைவு கட்டியிருக்கிறேன். ஏன் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, இப்போது சொல்கிறேன்.

என் வகுப்பில் 31 பேர். எங்களில் எத்தனை பேர் மிஞ்சினோம் என்பதை நான் எழுதமாட்டேன். நான் தப்பினேன். அதற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை, அப்பா ஒரு காணியை விற்றார், அவ்வளவுதான். பணம் சேரச் சேர அந்தக் கணக்கு என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. மகளின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்த இரவில் நான் காருக்குள் இருந்து அழுதிருக்கிறேன். அடுத்த நாள் ஊருக்குக் காசு அனுப்பினேன். அனுப்பியதும் இரண்டு மூன்று கிழமை நன்றாக நித்திரை வரும். பிறகு வராது.

இனி மோட்டர் விடயம். வெளிப்படையாகச் சொல்கிறேன். 2012இல் ஒரு கிணற்றுக்குப் பணம் அனுப்பினேன். ஊருக்கு வந்து பார்த்தபோது கிணறு இல்லை. யார் எடுத்தார் என்று தேடப் போனால் உறவு முறியும், அதனால் வாயை மூடிக்கொண்டேன். வளைவு அப்படி மறையாது. படம் அனுப்பினால் நிற்பது தெரியும். இரண்டாவது காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மோட்டர் மறுபடியும் எரியும். எரிந்தால் என்னைத்தான் அழைப்பார்கள். கிழமைக்கு நாலைந்து அழைப்பு வருகிறது. சத்திரசிகிச்சை, கலியாணம், வீட்டுக்கூரை. எல்லாம் உண்மையான தேவை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாது, இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் பழைய கணக்கு திரும்ப வருகிறது. கட்டி முடித்துவிட்டால் முடிந்துவிட்டது என்று இருக்கிற ஒன்றைத் தேடித்தான் நான் வளைவைக் கட்டினேன்.

நாவலடித் தங்கச்சி, நானும் பிள்ளைகளோடு நின்று எடுத்த படங்கள் என் வீட்டு வரவேற்பறையில் இருந்தன. இன்று பின்னேரம் இறக்கிவிட்டேன்.

திருக்கோவில் ஆசிரியை, வியாழன் மாலை 5.40

பனிதேசத்து அண்ணன் எழுதியது பெரிய காரியம். அதற்கு மேலே வைத்துப் பேசவேண்டியது ஒன்று இருக்கிறது. நோக்கம் சுத்தமா இல்லையா என்று அளப்பதிலேயே நாம் நின்றுவிடக் கூடாது.

அன்ட்ரூ கார்னேகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஏழைச் சிறுவன். பிட்ஸ்பேர்க்கின் அருகே அண்டர்சன் என்ற கேணல் தன் சொந்த நூல்களை வேலைக்குப் போகும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்து வந்தார். அந்த நூல்களை வாசித்து வளர்ந்தவர், செல்வந்தரான பிறகு 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டினார். எந்தக் குறை சிறுவயதில் நெஞ்சில் குத்தியதோ அதற்கே மனிதர் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார். ஆனால் அதே மனிதரின் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் 1892இல் தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள்; மோதலில் ஆட்கள் செத்தார்கள். நாளொன்றுக்கு 12 மணிநேரம் உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு நூலகத்தில் உட்கார நேரம் ஏது? வட்டைவிதானை ஐயாவின் போடியாரும் கார்னேகியும் ஒரே ஆள்தான்.

இன்னொருவர் சக் ஃபீனி. விமான நிலையத் தீர்வையற்ற கடைகளால் பணம் குவித்த அமெரிக்கர். 1984இல் தன் பங்கு முழுவதையும் இரகசியமாக ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1997 வரை உலகத்துக்குத் தெரியாது. 800 கோடி டொலருக்கும் மேல் கொடுத்துவிட்டு, வாடகை வீட்டில் வாழ்ந்து 2023இல் இறந்தார். கட்டடங்களில் தன் பெயரைப் பொறிக்க விடவில்லை. அவருக்கும் ஈத்துவக்கும் இன்பம் இருந்தது, உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதில்தான் சந்தோசம் என்று அவரே சொல்லி வந்தார். அந்த இன்பத்தைப் பெற அவருக்குப் பார்வையாளர் வேண்டியிருக்கவில்லை.

இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவனை "அறவிலை வணிகன்" என்று புறநானூறு சொல்கிறது. ஆய் என்ற வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன் என்பது அந்தப் பாட்டின் புகழ்ச்சி. வகுப்பில் படிப்பிக்கும்போது ஒரு மாணவி, "அறவிலை வணிகன் கொடுத்த அரிசியும் வேகும்தானே, ரீச்சர்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இந்த இழையை வாசித்த பிறகு இருக்கிறது. வேகும், பிள்ளை. ஆனால் கொடுப்பவருடைய மனம் எதைத் தேடுகிறதோ அதுதான் என்ன கொடுக்கப்படும், யாருக்கு, எப்படி என்பதைத் தீர்மானிக்கிறது. பெயரைத் தேடினால் வளைவு வரும். முகத்தைத் தேடினால் வரிசை வரும். எரிந்த மோட்டர் அங்கேயே கிடக்கும்.

மருதமுனை நெசவு, வியாழன் இரவு 9.00

ஒரு சின்னக் கேள்வி. வசதி கூடக் கூடக் கை இறுகும் என்று சொல்வார்களே, அது நிரூபிக்கப்பட்டதா?

பாடுமீன், வியாழன் இரவு 9.35

இல்லை, காக்கா. 2010இல் கலிபோர்னியாவில் செய்த சோதனைகளில் கீழ்த்தட்டு மக்கள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள் என்று வந்தது, பெரிய பேச்சானது. 2015இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் பல்லாயிரம் பேரின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் எதிர்மாறாக வந்தது. பணக்காரருக்கு இரக்கம் இல்லை என்று ஒரே வீச்சில் சொல்லிவிட முடியாது.

படுவான்கரையான், மூன்று வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு இரவு 8.15

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நண்பரை அழைத்து மோட்டரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "முன்னர் எப்போதாவது ஊருக்கு அனுப்பிய காசு காணாமல் போனதா?" சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு மணிநேரம் பேசினார். பனிதேசத்தவன் எழுதியதில் முக்கால்வாசியை அவரும் சொன்னார், கிணற்றுக்குப் பதிலாக அவருக்கு ஒரு கணினி அறை. அப்பா கூலிக்கு மண் சுமந்து அதே பாடசாலைக் கட்டடத்துக்கு அத்திவாரம் போட்டவர் என்பதையும், அந்த மனிதரின் பெயர் ஊரில் எங்குமே இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார். எனக்கு அது தெரியாது. 40 வருடப் பழக்கம், இருந்தும் தெரியாது.

வளைவு கட்டப்படுகிறது. அதை நான் இனி எதிர்க்கமாட்டேன். ஆனால் சிறிதாக, 12 இலட்சத்துக்குள். மிச்சத்தில் மோட்டரும் தாங்கியும் வந்துவிட்டன, மீதி வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கிறது. மோட்டர் எரிந்தால் அதன் வட்டியில் திருத்துவோம், அவரை அழைக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை வாசித்துவிட்டுத்தான் அவர் உடனே சம்மதித்தார். கணக்கில் அதிபரும் ஒரு தாயும் கையெழுத்திடுவார்கள். மாதம் ஒருமுறை தண்ணீர் ஓடும் குழாயைக் காணொளி எடுத்து அனுப்புகிறேன். பிள்ளைகளின் முகம் அதில் வராது.

புத்தகப்பைகள் வகுப்பு மேசைகளில் வைக்கப்படும், காலையில் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். திறப்பு விழா வேண்டும் என்பதில் மட்டும் அவர் விடவில்லை. மலசலகூடத்துக்கும் நாடா கட்டி வெட்டலாம் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதிபரிடம் போய், அது மட்டும் வேண்டாம் சேர் என்று கேட்டுக்கொண்டார்கள். நாடா வளைவில் மட்டும்.

நாவலடிக் காற்று, ஞாயிறு இரவு 9.02

நன்றி, அண்ணன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மலசலகூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? நான் படித்த இடத்தில் அதிபரின் மேசையில் இருந்தது. ஆண் ஆசிரியர்களுக்கு முன்னால் போய்க் கேட்க வேண்டும், அதனால் கேட்கமாட்டோம்.

படுவான்கரையான், ஞாயிறு இரவு 9.20

இதுவரை அதிபரின் மேசையில்தான் இருந்தது, தங்கச்சி. நான் அதை யோசிக்கவே இல்லை. நாளை காலை முதல் மாணவத் தலைவியிடம்.